வார்டு வேலையை விட்டு ஹோம் கேரில் கேஸ் மேனேஜராகப் போகலாமா? சென்னையில் செய்தவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூர்_சிஸ்டர்:

எல்லாருக்கும் வணக்கம். ஜிஎன்எம் நர்ஸிங் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். வார்டில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள்தான். ஸ்ட்ரோக், சர்க்கரை, மூச்சிரைப்பு, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்துப் பழக்கம் உண்டு. இப்போது வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கம்பெனியில் கேஸ் மேனேஜர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். இன்டர்வியூவில் சொன்னது இவ்வளவுதான்: ஒரு ஏரியா கொடுப்போம், அதில் இருக்கிற கேஸ் எல்லாம் உங்கள் பொறுப்பு, குடும்பத்தோடு பேச வேண்டும், பகல் டூட்டி, நைட் கிடையாது.

நைட் ஷிப்ட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இந்தக் கடைசி வரி ரொம்ப ஆசை காட்டுகிறது. ஆனால் என்கூட வேலை பார்த்து இதே மாதிரி ஒரு இடத்துக்குப் போன அக்காவிடம் கேட்டேன், "அது நர்ஸ் வேலை இல்லடி, புரோக்கர் வேலை" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

நிஜத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? ஆள் பிடித்து அனுப்புவது மட்டும்தானா, படித்ததற்கு ஏதாவது வேலை உண்டா? குடும்பச் சண்டை எவ்வளவு தூரம் நம் தலையில் விழும்? இதில் இருப்பவர்கள், இருந்து விட்டு வந்தவர்கள், வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, அதை நான் பேசிக்கொள்கிறேன்.

சும்மா_படிக்கிறவன்:

பகல் டூட்டி உண்மைதான் சிஸ்டர். விடியற்காலை ஐந்தரைக்கு "நைட் அக்கா கிளம்பிட்டாங்க, டே ஆள் இன்னும் வரலை, அப்பாவுக்கு டயப்பர் மாத்தணும்" என்று போன் வரும். கணக்குப்படி அதுவும் பகல்தான். என் மச்சினி இரண்டு வருஷம் பார்த்தாள், வீட்டில் அவள் போன் ரிங்டோன் கேட்டாலே எங்களுக்கே வயிற்றைக் கலக்கும்.

கேஸ்_ஃபைல்:

நான் பல வருஷமாக இந்த வேலையில்தான் இருக்கிறேன், மாம்பலம் பக்கம் ஆரம்பித்து இப்போது தெற்குப் பக்கம் முழுக்க. உங்கள் அக்கா சொன்னது முழுப் பொய் இல்லை. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை நீங்கள் செய்வது ஆள் மாற்றுகிற வேலைதான். நம் அட்டெண்டர்கள் முக்கால்வாசிப் பேர் கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கத்திலிருந்து லோக்கல் டிரெயினில் வருகிறவர்கள், ஒரு வண்டி நின்றால் எட்டு மணி டூட்டி பத்தாகிவிடும். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட தெருவில் பஸ் எந்தப் பக்கம் சுற்றும் என்று அவர்களுக்கே தெரியாது. பொங்கலுக்கு எல்லாரும் ஒரே நாளில் ஊருக்குக் கிளம்புவார்கள், போகக் கூடாது என்று சொல்ல நமக்கு வாயும் இல்லை நியாயமும் இல்லை. ஆகவே டிசம்பர் பாதியிலேயே ரிலீவர், அதாவது மாற்று ஆள், யார் யார் என்று உட்கார்ந்து எழுத வேண்டும்.

மழை இன்னொரு தனி அத்தியாயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் உள்ளே போனவர் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவர் உள்ளே போக முடியவில்லை. பகல் டூட்டிக்குப் போன பெண் அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டு இரவும் பார்த்தார். கரண்ட் போனால் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வெறும் பெட்டிதான், கூடவே ஒரு சிலிண்டர் நிரப்பி வைத்திருந்த வீடு தப்பித்தது. அந்த வருஷத்துக்கு அப்புறம் அக்டோபர் பிறக்கும் முன்பே தரைத்தள வீடுகள் எவை, மெஷின் ஓடுகிற வீடுகள் எவை, இன்சுலின் எத்தனை நாளைக்கு இருக்கிறது, மழையில் தங்கச் சம்மதிக்கும் ஆள் யார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். கம்பெனி சாப்ட்வேரில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

இதெல்லாம் வேலையின் சத்தமான பாதி. நர்ஸ் படிப்புக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டீர்களே, அது முதல் விசிட்டில் ஆரம்பிக்கிறது.

முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகும்போது ஃபார்மை எடுக்காதீர்கள். பாத்ரூமைப் பாருங்கள். வாசல்படி எவ்வளவு உயரம், தரை எப்போதும் ஈரமா, குளிக்க உட்கார ஸ்டூல் இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, கட்டிலிலிருந்து ராத்திரி எழுந்து அங்கே போகிற வழியில் கால் தடுக்கும் மிதியடி கிடக்கிறதா. பிறகு மருந்து டப்பாவைக் கேளுங்கள். நிறைய வீட்டில் அது பழைய ஸ்வீட் பாக்ஸ்தான். அதைக் கட்டிலில் கொட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு ஸ்ட்ரிப்பாகப் பின்பக்கம் படியுங்கள். ஒரு பாட்டிக்கு நின்றாலே தலை சுற்றுகிறது, வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கொட்டிப் பார்த்தால் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை இரண்டு பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று இதய டாக்டர் எழுதியது, மற்றது சுகர் டாக்டர் எழுதியது. அட்டைப் பெயர் வேறு, உள்ளே சரக்கு ஒன்று. இரண்டையும் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம், ஒன்றை நிறுத்தினார். அவ்வளவுதான் விஷயம். இன்னொரு வீட்டில் இன்சுலின் ஃப்ரீசரில் இருந்தது, பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது, அதை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் ஃபார்ம். அன்றாட வேலையைத் தானே எவ்வளவு செய்கிறார் என்று நூற்றுக்குப் போடும் பார்த்தெல் ஸ்கோர், படுக்கைப்புண் ஆபத்தைக் காட்டும் பிரேடன் ஸ்கோர் (குறையக் குறைய ஆபத்து) எல்லாம் நீங்கள் படித்ததுதான். முதல் நாள் போட்டு ஃபைலில் வைத்தால் அது சும்மா காகிதம். மாதா மாதம் போட வேண்டும். "அம்மா நல்லாத்தானே பேசறாங்க" என்று வீடியோ காலில் பார்க்கிற மகன் சொல்லும்போது, இரண்டு மாதத்தில் பார்த்தெல் நூற்றுக்கு அறுபது நாற்பத்தைந்தாக இறங்கியிருக்கிறது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற இப்போது இரண்டு பேர் வேண்டும் என்று காட்ட ஒரு கணக்கு கையில் இருக்கும். பிரேடன் 18-க்கோ அதற்குக் கீழோ வந்தால் ஏர் பெட்டுக்கு நீங்களே பேச்சை எடுங்கள், புண் வந்த பிறகு எடுக்காதீர்கள்.

ஒரு கேஸ் சொல்கிறேன், அடையாளம் மாற்றித்தான். மந்தைவெளியில் ரிட்டயர்ட் தமிழாசிரியை ஒருவர், எண்பதைத் தாண்டியவர், ஸ்ட்ரோக்கில் இடது பக்கம் விழுந்து யூரின் கத்தீட்டரோடு (சிறுநீர் பேகில் இறங்கும் டியூப்) படுக்கையில். வீட்டில் டூட்டி நோட்டு இருந்தது. திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே எழுத்து: "சாப்பிட்டாங்க, மாத்திரை குடுத்தேன், தூங்கினாங்க, நார்மல்." ஒருநாள் ராத்திரி அந்த அம்மா அட்டெண்டரைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்குகிறார். மகன் காலையில் போன் செய்து டிமென்ஷியா ஆரம்பித்துவிட்டது, நியூரோ டாக்டரிடம் நேரம் வாங்குங்கள் என்றார். நான் போனேன். பேகில் யூரின் டீத் தண்ணீர் நிறத்தில், அடியில் வண்டல், அளவும் குறைவு. நேற்று எவ்வளவு வந்தது? யாருக்கும் தெரியாது, நார்மல். முந்தாநாள்? நார்மல். காய்ச்சலும் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வருகிற டாக்டரை வரவழைத்தோம், யூரின் கல்ச்சர் போனது, இன்ஃபெக்ஷன். வயதானவர்களுக்கு இது காய்ச்சலாக வராமல் குழப்பமாக வரும் என்று நமக்குப் பாடத்தில் இருக்கிறது, ஒரே ராத்திரியில் வந்த குழப்பம் டிமென்ஷியா இல்லை என்பதும் பாடத்தில் இருக்கிறது. மருந்து முடிந்தபோது அந்த அம்மா என் அசெஸ்மென்ட் ஃபார்மில் ஒற்று மிகும் இடங்களைத் திருத்திக் கொடுத்தார்.

அப்போதிலிருந்து என் கேஸ்களில் "நார்மல்" என்று நோட்டில் எழுதக் கூடாது. எத்தனை இட்லி, பாதியா முழுசா. தண்ணீர் எத்தனை டம்ளர். யூரின் எவ்வளவு, என்ன நிறம். மோஷன் எப்போது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள். தமிழோ ஹிந்தியோ, எழுத வராதவர் என்றால் கோடு போட்டாலும் சரி. இதைப் பழக்கி எடுக்க ஒரு மாதம் உயிர் போகும், அப்புறம் அந்த நோட்டுதான் உங்கள் மானிட்டர்.

ஒன்று எச்சரிக்கை. அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. வீட்டுக்காரர்கள் வெள்ளை டிரஸ் போட்ட எல்லாரையும் சிஸ்டர் என்பார்கள், மூக்கு டியூப் கழன்றால் அந்தப் பெண்ணையே திருப்பிப் போடச் சொல்வார்கள், அவளும் பயத்தில் செய்து பார்ப்பாள். முதல் நாளே வீட்டாரையும் அட்டெண்டரையும் ஒன்றாக உட்கார வைத்து எது செய்வார், எது செய்யவே மாட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

நங்கநல்லூர்_வீட்டுப்_பெண்:

நான் எதிர்ப் பக்கம். அப்பா அம்மா நங்கநல்லூரில், நான் வெளிநாட்டில், அண்ணன் பெங்களூரில். மேலே குடும்பம் என்றாலே தொந்தரவு என்கிற தொனி லேசாகத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மூன்று கேஸ் மேனேஜர்கள் மாறினார்கள், எல்லாரும் ஒரே கம்பெனி. முதல் இரண்டு பேரும் எப்போது கேட்டாலும் "ஆல் ஓகே மேடம், அப்பா ஹேப்பி" என்று ஒரு கும்பிடு பொம்மையோடு பதில் போடுவார்கள். அப்பா பாத்ரூமில் சறுக்கி விழுந்த விஷயம் எனக்கு எதிர்வீட்டு மாமி மூலமாகத்தான் தெரிந்தது, அதுவும் நான்காவது நாள். அடி இல்லை, சரி. ஆனால் அதற்கப்புறம் அவர்கள் அனுப்பின ஒரு மெசேஜையாவது நான் நம்பியிருப்பேனா? ராத்திரி மூன்று மணிக்கு போன் செய்து நச்சரிக்கிற மகளாக நான் பிறக்கவில்லை, அந்த நான்கு நாள்தான் என்னை அப்படி ஆக்கியது.

மூன்றாவதாக வந்தவர் முதல் போனிலேயே கேட்டார், "உங்க ரெண்டு பேர்ல முடிவு யார் சொல்வீங்க? ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னா யாருக்கு முதல்ல போன் பண்ணணும்? அவங்க எடுக்கலைன்னா யார்?" எனக்கும் அண்ணனுக்கும் அதில் இரண்டு நாள் சண்டை. பணம் நான் அனுப்புகிறேன், ஓடிவர முடிந்தவன் அவன். கடைசியில் அவசரத்துக்கு அண்ணன், மாதாந்திர விஷயத்துக்கு நான் என்று எழுதிக் கொடுத்தோம். அதோடு அவர் நிற்கவில்லை. எங்கள் இருவரையும் வீடியோவில் வைத்துக்கொண்டே அப்பாவிடம் திரும்பி, "ஐயா, திரும்ப உடம்பு மோசமானா ஐசியுவுக்குப் போகணுமா, வீட்லயே பாத்துக்கலாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பாவோ அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி நிதானமாகப் பதில் சொன்னார். அதுவரை நாங்கள் யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

ஆகவே சிஸ்டர், போனால் அந்த மூன்றாவது ஆள் மாதிரிப் போங்கள். கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லுங்கள், வாய்ஸ் நோட்டாகவாவது. மெடிக்ளெய்ம் அட்டெண்டர் செலவைக் கொடுக்காது என்பதையும் கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லுங்கள், பாலிசி இருக்கிறதே என்று நம்பி ஆள் வைத்துவிட்டு ஆறாம் மாதம் முழிக்கிற வீடுகள் எனக்கே தெரியும்.

டூட்டி_அக்கா:

நான் அட்டெண்டரா இருந்து இப்போ சூப்பர்வைசர். எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்கணும், அந்தத் தமிழ் டீச்சரம்மா இந்தப் பக்கம் வராம இருந்தா சரி.

எல்லாரும் பேஷண்டைப் பத்தியும் குடும்பத்தைப் பத்தியும் பேசறீங்க. நடுவுல ஒருத்தி இருபத்துநாலு மணி நேரமும் அந்த வீட்ல இருக்காளே, அவளைப் பத்தி நான் சொல்றேன். தங்கி டூட்டின்னா இருபத்துநாலு மணி நேரமும் கண்ணு முழிக்கறதுன்னு நெனைக்கற வீடு நெறைய. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட்டு நாலு மணிக்கு ஒருதரம் போட்டா மறுநாள் அவ நிக்க மாட்டா, தூக்கறப்ப பேஷண்டை நழுவ விட்டுடுவா. அந்த மாதிரி கேஸ்னா ரெண்டு ஷிப்ட் போடச் சொல்லி வீட்ல பேசறது கேஸ் மேனேஜர் வேலை. காசு ஜாஸ்தி ஆகும்னு அதைப் பேசாம விட்டா நாங்க பதினஞ்சு நாள்ல ஓடிப் போவோம், அப்புறம் "பொண்ணுங்க நிக்கறதே இல்ல"ன்னு எங்க மேலயே பேச்சு வரும்.

எங்க படுக்கணும்னு மொதல்ல கேளுங்க. ஹால்ல ஃபேனுக்கு எதிர் மூலையில பாய் விரிச்சா போதும்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்க வீட்டு மனுஷங்க எல்லாரும் டாய்லெட் போற வழியில. டிரெஸ் மாத்த கதவு இருக்கற இடம் இருக்கா? சாப்பாடு அவங்க குடுப்பாங்களா, நாங்களே பண்ணிக்கணுமா? கிச்சனுக்குள்ள வராதே, இந்த டம்ளர் உனக்குன்னு தனியா எடுத்து வைக்கற வீடு மயிலாப்பூர்ல மட்டும்னு நெனைக்காதீங்க, எல்லா ஏரியாவுலயும் பாத்திருக்கேன். "எங்க ஆளுங்களா அனுப்புங்க"ன்னு ஜாதியைச் சுத்தி வளைச்சுக் கேப்பாங்க. எங்க பழைய மேடம் ஒருத்தங்க போன்லயே சொல்லிடுவாங்க, "வேலை தெரிஞ்ச ஆள் அனுப்பறேன், மத்தது பாக்கறதில்ல"ன்னு. அந்த மேடத்துக்காக நாங்க தீபாவளி அன்னிக்கும் டூட்டி பாத்தோம்.

நகை விஷயம். முதல் நாளே பாட்டி போட்டிருக்கற வளையல், தோடு, சங்கிலி எல்லாம் நோட்ல எழுதி வீட்டுக்காரங்க கிட்ட கையெழுத்து வாங்குங்க, முடிஞ்சா கழட்டி உள்ள வைக்கச் சொல்லுங்க. காணோம்னா மொதல்ல எங்க பையைத்தான் தட்டிப் பாப்பாங்க. ஏடிஎம் கார்டு குடுத்து காசு எடுத்துட்டு வான்னு சொன்னா எடுக்காதேன்னு நீங்க சொல்லி வைங்க, பெரியவங்க கேக்கறப்ப எங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணிட்டு அனுப்புங்க, எங்களுக்கு அதுல கோபம் ஒண்ணும் இல்ல, அது இருந்தா எங்களுக்கும் பாதுகாப்பு.

ஜிஎச்_பழசு:

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், அரசுப் பக்கம். ஒரே ஒரு விஷயம் சேர்க்கிறேன். கம்பெனி கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் நடுவில் பாதியில் நிறுத்திவிட்டுப் போவார்கள், அவர்களை நடுத்தெருவில் விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையானவர்களுக்கு நோய்த்தணிப்பு சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபியும் அதிலேயே உண்டு. அந்த வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும், அலைகிற வேலையைத்தான் யாராவது செய்ய வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. இந்தியாவிலேயே முதியோர் மருத்துவம் முதலில் வேர்விட்டது சென்னை ஜிஎச்சில்தான், 1978-ல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கிய புறநோயாளிப் பிரிவு. அந்த ஓபியில் அவர் பேஷண்டைப் பார்க்கும் முன் கூட வந்தவரைத்தான் முதலில் பார்ப்பார் என்று எங்கள் சீனியர்கள் சொல்வார்கள், உண்மையோ கதையோ, நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

பெரம்பூர்_சிஸ்டர்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கேஸ்_ஃபைல், இன்னும் ஒரு கேள்வி. அண்ணன் தம்பி சண்டை பரவாயில்லை, வார்டிலேயே பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே பெரியவரைச் சரியாகப் பார்க்காமல் விட்டால், அல்லது அடித்தால்? பணம் கட்டுவதே அந்த மகன் என்றால் நாம் யாரிடம் போய் நிற்பது?

கேஸ்_ஃபைல்:

இதுதான் இந்த வேலையில் கஷ்டமான இடம், மற்றதெல்லாம் ஓடித் தீர்த்துவிடலாம். பில் கட்டுகிறவர் ஒருவர், நாம் பார்த்துக்கொள்கிறவர் வேறொருவர். இரண்டும் ஒத்துப்போகிற வரை யாருக்கும் தெரியாது. ஒத்துப்போகாத நாளில் நீங்கள் யார் பக்கம் என்பதை அன்றைக்கு யோசிக்கக் கூடாது, இன்டர்வியூவிலேயே கம்பெனியைக் கேளுங்கள்: "பேஷண்டுக்கு வீட்டில் ஆபத்து என்று நான் ரிப்போர்ட் செய்தால், குடும்பம் கான்ட்ராக்டை முறித்தாலும் என் பின்னால் நிற்பீர்களா?" அவர்கள் பதில் சொல்லும் முன் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் உங்களுக்கே புரியும்.

பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். மேல்கையின் உள்பக்கம் கன்றிப்போன தடம், ஆள் பார்க்கும்போது மட்டும் பேச்சு நின்றுபோவது, கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள், மாத்திரை ஸ்ட்ரிப் குறையாமல் அப்படியே இருப்பது, கேள்வி அம்மாவிடம் கேட்டால் பதில் எப்போதும் மருமகனிடமிருந்து வருவது. இதில் ஒன்று இருந்தால் உடனே முடிவுக்கு வராதீர்கள், ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சும்மா தட்டினாலே கன்றும். ஆனால் தேதி போட்டு எழுதி வையுங்கள், பெரியவரோடு தனியாகப் பேச வழி பண்ணுங்கள். நான் பிரஷர் பார்க்கும்போது "கொஞ்சம் சத்தம் இல்லாம இருந்தாத்தான் ரீடிங் சரியா வரும்" என்று எல்லாரையும் ஹாலுக்கு அனுப்பிவிடுவேன்.

சட்டம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், பெரியவரே மனு கொடுக்கலாம், முடியாவிட்டால் அவர் சொல்லி அவருக்காக இன்னொருவரோ ஓர் அமைப்போ கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு போட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சென்னையில் அதைவிட முக்கியம் 23-ஆவது பிரிவு. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு கைவிட்டால், அந்த எழுத்தையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். கைவிட்டு விட்டுப் போவது 24-ஆவது பிரிவில் குற்றம், மூன்று மாதம் வரை சிறை உண்டு. 14567 முதியோர் உதவி எண், அதில் பேசினால் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள், வழி சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் இதையெல்லாம் யோசிக்காமல் 112.

ஆனால் ஒன்று. பெரும்பாலான பெரியவர்கள் மனுவெல்லாம் கொடுக்க மாட்டார்கள். "என் பிள்ளை மேல கேஸா?" என்று நம்மையே முறைப்பார்கள். அவர் தெளிவாக இருக்கும்போது வேண்டாம் என்றால் அது அவர் முடிவு, அங்கே நம்மால் முடிந்தது வேறு. ஆளை மாற்றாமல் நல்ல அட்டெண்டராக நிறுத்துவது, விசிட்டை அடிக்கடி வைப்பது, அந்த மகனுக்கும் மூச்சுவிட ஒரு நாள் கிடைக்கிற மாதிரி ரிலீவர் போடுவது. கை நீட்டுகிற மகன்களில் சிலர் பணத்தாசை பிடித்தவர்கள், சிலர் மூன்று வருஷமாக ராத்திரி தூங்காதவர்கள். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிப் பேச முடியாது. நினைவு தவறியவர் என்றால் கதையே வேறு, அங்கே அவர் வேண்டாம் என்பதை மட்டும் வைத்து நீங்கள் சும்மா இருக்க முடியாது, டாக்டரிடமும் கம்பெனியிடமும் எழுத்தில் போக வேண்டும்.

அப்புறம், உயில், செட்டில்மென்ட், பேங்க் படிவம் எதிலும் சாட்சிக் கையெழுத்து போடாதீர்கள். "நம்ம சிஸ்டர்தானே, ஒரு கையெழுத்து" என்று காபி கொடுத்துக் கேட்பார்கள். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சும்மா_படிக்கிறவன்:

மச்சினியிடம் இந்த திரெட்டைக் காட்டினேன். அவள் சொன்னது: எத்தனை கேஸ் தருவார்கள், ராத்திரி போனை யார் எடுப்பது, பெட்ரோல் காசு தனியா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் வார்டு வேலையை விட வேண்டாமாம். அவள் விட்டதற்குக் காரணம் பெரியவர்களும் இல்லை குடும்பங்களும் இல்லை, தாம்பரத்தில் ஒரு கேஸ் திருவொற்றியூரில் ஒரு கேஸ் என்று ஒரே நாளில் கொடுத்ததுதான்.

பெரம்பூர்_சிஸ்டர்:

மூன்றையும் கேட்டு மெயில் போட்டேன், கேஸ்_ஃபைல் சொன்ன அந்தக் கேள்வியையும் நான்காவதாகச் சேர்த்தேன். பெட்ரோல் காசு உண்டு என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ராத்திரி போன் முறை வைத்து எடுப்போம், வாரத்தில் இரண்டு நாள் உங்களுக்கு வரும் என்றார்கள், ஆக நைட் கிடையாது என்பது அவ்வளவுதான். நான்காவது கேள்விக்கு "நேரில் பேசலாம்" என்றிருக்கிறார்கள். வியாழக்கிழமை போகிறேன். டூட்டி_அக்கா, உங்கள் பழைய மேடம் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார்? முடிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.